பாளையத்துப் பாதை – 9: வடகரைக் காட்டில் ஒரு பகல்

சென்ற அத்தியாயம் முடிந்தபோது ஆங்கிலக் கும்பினியின் சிப்பாய்த் தளபதி யூசுப் கான் மதுரைக்குத் திரும்பியிருந்தார். அதற்கு முன், 1758 டிசம்பரில் லாலியின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை வளைத்தார்கள். அவர்களுக்கு உணவும் வெடிமருந்தும் போகும் வழிகளை வெளியிலிருந்து அறுத்துக்கொண்டே இருந்தவர்களில் யூசுப் கானின் சிப்பாய்களும் உண்டு. 1759 பிப்ரவரியில் முற்றுகை கலைந்தது. அந்த உழைப்புக்குப் பிறகு கும்பினி அவரை மீண்டும் தெற்கே அனுப்பியது. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வரிப்பணம் ஒழுங்காக வந்து சேரவேண்டும் என்பதுதான் உத்தரவு.

பணம் எங்கே தடைபடுகிறது என்பது யூசுப் கானுக்குத் தெரியும். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், செங்கோட்டைக்கு வடக்கே தொடங்கிச் சிவகிரி வரை, ஒன்றையடுத்து ஒன்றாக மறவர் பாளையங்கள் இருந்தன. நெற்கட்டும்செவலில் பூலித்தேவர். அவருக்கு அடுத்த பலம் வடகரைப் பாளையம். பிற்காலத்தில் சொக்கம்பட்டி ஜமீன் என்று பேர்பெற்றது இதுதான். குற்றாலக் குறவஞ்சி பாடிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் காலத்தில் வடகரையை ஆண்ட சின்னணஞ்சாத் தேவர் புலவர்களை ஆதரித்த புரவலராக நினைக்கப்படுகிறார். தமிழுக்குக் கொடுத்த கை, வரி கேட்டு வந்தவனுக்கு வில்லை எடுத்தது. அந்த இரண்டாவது கதைதான் இந்த அத்தியாயம்.

நடந்து படிக்கவேண்டிய போர்

இதுவரை வந்த அத்தியாயங்களை வீட்டில் உட்கார்ந்து படித்திருப்பீர்கள். இதை நடந்துகொண்டு படிப்பது நல்லது. 1759-இன் பிற்பகுதியில் இரண்டு படைகள் சேர்ந்து போன தடத்தில் பெரும்பகுதி இன்றைய கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே கிடக்கிறது. கேரள எல்லையான கோட்டைவாசலில் தொடங்கி, புளியரை, செங்கோட்டை, வடகரை, கடையநல்லூர், சொக்கம்பட்டி, புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூர் வரை ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். ஒரு வழிகாட்டியும் பத்துப் பதினைந்து பேரும் இருந்தால் மூன்று நாளில் நிதானமாக நடந்து முடிக்கலாம்.

போர் நடந்த வழியில் கூட்டமாக நடப்பது உலகத்தில் பல இடங்களில் ஊறிப்போன பழக்கம். 1942-இல் ஜப்பானியரும் ஆஸ்திரேலியரும் மோதிய கோகோடா மலைப்பாதை பப்புவா நியூகினியில் இருக்கிறது. 96 கிலோமீட்டர். ஆஸ்திரேலியர்கள் ஆண்டுதோறும் உள்ளூர் வழிகாட்டிகளோடு அதைக் கடக்கிறார்கள். தாய்லாந்தில் சயாம் மரண ரயில்பாதையின் ‘நரக நெருப்புக் கணவாய்’ என்ற பாறை வெட்டிலும் நடைபாதை போட்டிருக்கிறார்கள். மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட பாதை அது. அங்கெல்லாம் வழிநெடுகக் கல்வெட்டும் பலகையும் காட்சிக்கூடமும் உண்டு. நம் பாதையில் அநேகமாக எதுவும் இல்லை. அதனால் வழிகாட்டியின் வேலை இங்கே கடினம். நிலத்தையே சாட்சியாக நிறுத்திப் பேசவேண்டும்.

காகிதச் சாட்சி ஒரு பக்கத்தது. சென்னை ஆலோசனைச் சபையில் இருந்த ராபர்ட் ஓர்ம் 1758-இல் இந்தியாவை விட்டுப் போனவர். இந்தப் போரை லண்டனில் உட்கார்ந்து, கும்பினிக்கு வந்த அறிக்கைகளை வைத்து எழுதினார். இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில், ஓர்ம் சிதைத்து எழுதியிருந்த ஊர்ப்பெயர்களை அடையாளம் கண்டு கதையை நம் மண்ணில் இறக்கிவைத்தார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்து நடக்கவேண்டும்.

கோட்டைவாசல்: நண்பன் எதிரியான இடம்

நடையைக் கோட்டைவாசலில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேற்கு மலைத்தொடர் இங்கே தாழ்ந்து வழிவிடுகிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும் காற்று நுழைகிற வாய் இதுதான். கொல்லம் ரயில்பாதை 1904-இல் மலையைக் கடந்ததும் இந்தப் பக்கமாகத்தான். இன்றைக்கு வாகனங்கள் கருப்பசாமி கோயிலில் நின்று கும்பிட்டுவிட்டு வளைவில் இறங்குகின்றன. மலையாள நாட்டிலிருந்து படையும் பொதிமாடும் இந்தப் பக்கம் வருவதற்கு இதைவிட இலகுவான வழி கிடையாது.

மார்த்தாண்ட வர்மா கொட்டாரக்கரை அரசை விழுங்கியபோது அதற்குச் சொந்தமான செங்கோட்டைப் பகுதியும் திருவிதாங்கூருக்குப் போயிற்று. அதாவது, கணவாயின் இரண்டு பக்கமும் ஒரே கையில். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை அந்த ஆட்சியின், பிறகு அதன் வாரிசின் கீழேயே இருந்தது. ஊர் முகப்பில் சங்கு முத்திரையோடு நிற்கும் பழைய அலங்கார வளைவு அதற்குச் சாட்சி. ஆக, செங்கோட்டையைத் தாண்டியதும் வருகிற முதல் பெரிய பாளையமான வடகரைக்குத் திருவிதாங்கூர் அண்டை வீட்டுக்காரர். அண்டை வீட்டுக்குள் வரப்புச் சண்டை ஓய்வதில்லை.

இங்கே வாசகர் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1755-இல் களக்காட்டில் ஆற்காட்டு நவாபின் ஆட்களுக்கு எதிராகத் திருவிதாங்கூர்ப் படையும் பூலித்தேவரும் ஒரே அணியில் நின்றதை ஆறாவது அத்தியாயத்தில் பார்த்தோம். நான்கே ஆண்டில் அந்த அணி எப்படிப் பிரிந்தது?

பதில் களக்காட்டிலேயே இருக்கிறது. திருவிதாங்கூருக்கு வேண்டியது மலைக்குக் கிழக்கேயுள்ள அந்த நன்செய் நிலம். அதைப் பூலித்தேவரால் காப்பாற்றிக் கொடுக்க முடியவில்லை. யூசுப் கானால் முடியும் என்று தோன்றியது. 1758-இல் மார்த்தாண்ட வர்மா இறந்து, ராம வர்மா பட்டத்துக்கு வந்திருந்தார். தர்மராஜா என்று பின்னாளில் புகழப்பட்டவர். புதிய அரசருக்கும் யூசுப் கானுக்கும் செங்கோட்டை எல்லையில் பேச்சு நடந்தது. களக்காட்டுப் பக்கத்தைத் திருவிதாங்கூர் வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு மறவர் பாளையங்களை அடக்கப் படை தரவேண்டும். யாரை முதலில் அடிப்பது என்பதில் விவாதமே இருந்திருக்காது. திருவிதாங்கூருக்குத் தொல்லை கொடுத்துவந்ததும் வடகரை. பூலித்தேவரை நோக்கிப் போகும் வழியில் முதலில் நிற்பதும் வடகரை.

கணவாய் திறந்தது. தீக்கோல் துப்பாக்கியும் வில்லும் ஈட்டியுமாகத் திருவிதாங்கூர் வீரர்கள் இறங்கினார்கள்.

பண்பொழி மலைமேல் ஒரு பாடம்

செங்கோட்டையிலிருந்து நெடுஞ்சாலையை விட்டுவிடுங்கள். கேரளத்துக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே நடப்பது ஆபத்து. வரலாற்றுக்கும் அது தேவையில்லை. பண்பொழி வழியாக உள்சாலையைப் பிடியுங்கள். அங்கே திருமலைக் குமாரசாமி கோயில் குன்று இருக்கிறது. குழுவை அதன் உச்சிக்கு ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார வைப்பது மூன்று நாள் நடையில் மிக முக்கியமான காரியம்.

மேற்கே மலை அரைவட்டமாக வளைந்து நிற்பது தெரியும். மேக்கரைப் பக்கம் அனுமன் நதி இறங்குகிறது. இப்போது அதன் குறுக்கே அடவிநயினார் அணை. கீழே குளமும் வயலும் தென்னந்தோப்பும். அச்சன்புதூரும் வடகரையும் கண்ணுக்கெட்டும் தூரத்தில். இந்தப் பச்சையில் வயலையும் தோப்பையும் மனத்தால் அழித்துவிட்டு, ஊருக்கும் மலைக்கும் இடையே முள்ளும் மூங்கிலும் பின்னிய காட்டை வைத்துப் பாருங்கள். அதுதான் 1759-இன் வடகரை.

பாளையக்காரர்களுக்குக் காடு தானாகக் கிடைத்த அரண் மட்டும் அல்ல. கோட்டையைச் சுற்றி அதை வேண்டுமென்றே அடர்த்தியாக வளரவிட்டார்கள். உள்ளே போக வளைந்து வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதை. இடையிடையே முள்வேலியும் தடுப்பும். வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதுதான் கும்பினிச் சிப்பாய்க்குக் கற்றுக்கொடுத்த வித்தை. வரிசை நிற்க இடமில்லாத இடத்தில் அந்த வித்தை செல்லாது. சுட்ட துப்பாக்கியை மறுபடி கெட்டிப்பதற்குள் பக்கத்துப் புதரிலிருந்து வல்லயம் பாய்ந்துவிடும். அந்த வல்லயங்கள் பதினெட்டடி நீளம் என்று ஓர்ம் வியந்து எழுதியிருக்கிறார்.

யூசுப் கானும் திருவிதாங்கூர்ப் படையும் சேர்ந்து வந்தபோது வடகரைப் பாளையக்காரர் கோட்டைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொள்ளவில்லை. காட்டில் நின்று எதிர்த்தார். ஒரு பகல் முழுக்கச் சண்டை. வந்தவர்கள் பக்கத்தில் சேதம் கணிசம். இருட்டியதும் அவர் தம் ஆட்களோடு கோட்டையைக் காலிசெய்துவிட்டு, நெற்கட்டும்செவலுக்கு, பூலித்தேவரிடம் போய்ச் சேர்ந்தார். மறுநாள் கூட்டுப்படைக்குக் கிடைத்தது ஆளில்லாத கோட்டை.

நம் பாடப்புத்தக மரபில் இதைத் தோல்வி என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். குன்றின்மேல் உட்கார்ந்திருக்கிற குழு வேறு மாதிரி யோசிக்க வேண்டும். அந்தப் பாளையக்காரரிடம் இருந்தவை மூன்று: மண்கோட்டை, காடு, ஆட்கள். எதிரியிடம் இருந்த படை அவருடையதைப்போலப் பல மடங்கு. கோட்டையைக் கட்டிக்கொண்டு அழிந்திருந்தால் பூலித்தேவர் வடகரை வீரர்களை இழந்திருப்பார். ஒரு பகல் நின்றதில் எதிரியின் வேகம் குறைந்தது. இரவில் நகர்ந்ததில் ஆட்கள் மிஞ்சினார்கள். கோட்டையைப் பின்னால் கட்டிக்கொள்ளலாம். இந்தக் கணக்கு சரியா என்பதை நடையின் முடிவில் வாசுதேவநல்லூர் சொல்லும்.

வடகரை இன்று கடைத்தெருவும் பள்ளிவாசல்களும் கோயில்களுமாக நெருங்கிய பேரூர். சுற்றிலும் நெல், தென்னை. மலையடிவாரத் தோப்புகளுக்குக் காட்டு யானைகள் இறங்குவது வழக்கம். காவலுக்குப் படுக்கிற விவசாயிகளிடம் பேச்சுக் கொடுங்கள். மலைக்குள்ளிருந்து தோப்புக்கு வரும் தடங்கள் எவை, எந்த ஓடை எந்த மாதத்தில் கடக்கவிடாது என்று அவர்கள் சொல்வது ஒரு படைத்தலைவன் கேட்டறிய விரும்பிய சங்கதி. வெயில் தாழ்வதற்குள் தோப்பை விட்டு வெளியே வந்துவிடுவது வழிகாட்டியின் பொறுப்பு. காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால்வைக்கக் கூடாது. கடையநல்லூர், புளியங்குடி, சிவகிரி வனச்சரகங்களின் மலைப்பகுதி 2015 முதல் நெல்லை வனவிலங்கு சரணாலயம்.

வடக்கே, மலையை இடக்கையில் வைத்து

இரண்டாம் நாள் நடை எளிது. மலை எப்போதும் இடப்பக்கம். கடையநல்லூரைத் தாண்டினால் சொக்கம்பட்டி. அதற்கு மேற்கே கருப்பாநதி. பின் புளியங்குடி. ஒவ்வொரு ஆறும் மலையிலிருந்து இறங்கிக் கிழக்கே போகிறது. ஒவ்வொரு ஆற்றோடும் ஒரு குளவரிசை. ஒவ்வொரு குளவரிசைக்கும் ஒரு பாளையம். வரைபடத்தில் இது தெரியாது. ஆற்றைக் கடக்கக் கடக்கத் தெரியும். வரி வாங்க வந்த படைக்கு இந்த அமைப்பு தலைவலி: ஒரு பாளையத்தை அடித்தால் அடுத்த பள்ளத்தாக்குக்கு ஆட்கள் நகர்ந்துவிடுவார்கள். மலையோரக் காடு அவர்களுக்கு இடைவழி.

பருவத்தையும் சொல்லவேண்டும். வடகரையை முடித்துவிட்டுக் கூட்டுப்படை வடக்கே நகர்ந்து வாசுதேவநல்லூர் முன்னால் வந்து நின்றது டிசம்பரில். கார்த்திகை, மார்கழியில் இந்தப் பக்கத்துக் குளங்கள் நிறைந்து கிடக்கும், வண்டிப்பாதை சகதியாகும். கனத்த பீரங்கியை மாடுகள் இழுக்கவேண்டிய காலம் அது. இன்று நடப்பவர்களுக்கு நான் தை மாதத்தைச் சொல்வேன். மழை ஓய்ந்திருக்கும்; வெயில் ஏறியிருக்காது; குற்றாலத்துச் சாரல் கூட்டமும் இருக்காது.

வாசுதேவநல்லூர்: வடகரையின் கணக்கு நேரானது

வாசுதேவநல்லூர்க் கோட்டை பூலித்தேவருடையது. மலையிலிருந்து சில மைல் தள்ளி, சமவெளியில். செங்கல்போல இறுகிய மண்சுவர், மூலைக்கொரு கொத்தளம். யூசுப் கான் சுவரை உடைக்கத் தொடங்கினார். ஆனால் உடைக்கும் அளவுக்குக் கனமான பீரங்கியும் வெடிமருந்தும் அவரிடம் குறைவு.

ஏன் குறைவு என்பதற்கு வடக்கே ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரர்களும் உலகமெங்கும் மோதிக்கொண்டிருந்தார்கள். 1759 செப்டம்பரில் கனடாவில் குபெக் நகரம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. தமிழ்நாட்டில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் வந்தவாசிக் கோட்டையை நவம்பர் கடைசியில் பிடித்தார். லாலியோடு தீர்மானமான போர் 1760 ஜனவரி 22-இல் அங்கே நடந்தது. ஐரோப்பியச் சிப்பாயும் நல்ல பீரங்கியும் அங்கே தேவைப்பட்டன. திருநெல்வேலிச் சீமைக்கு மிஞ்சியது கொஞ்சம். வந்தவாசியும் வாசுதேவநல்லூரும் ஒரே போரின் இரண்டு முனைகள் என்பதை நம் வரலாற்று நூல்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

சுவரில் ஒரு திறப்பு விழுந்தது. அதன் வழியே ஏற முயன்றவர்களை உள்ளே இருந்தவர்கள் வல்லயங்களால் தடுத்தார்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அந்த இடத்தை நிரப்பினார். இந்தச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது நெற்கட்டும்செவலிலிருந்து பூலித்தேவர் வந்து சேர்ந்தார். தேர்ந்தெடுத்த மூவாயிரம் பேர் என்பது ஓர்ம் தரும் எண். அவர்கள் கோட்டைக்கு உதவப் போகவில்லை; நேராகத் திருவிதாங்கூர்ப் படையின் முகாமில் விழுந்தார்கள். யூசுப் கான் தாக்குதலைப் பாதியில் விட்டு அந்தப் பக்கம் ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த நொடியில் கோட்டைக்குள் இருந்தவர்களும் வெளியே பாய்ந்தார்கள். வெடிமருந்தும் தீர்ந்துகொண்டிருந்தது. முற்றுகை முறிந்தது. திருவிதாங்கூர்ப் படை மலைக்கு அப்பால் திரும்பியது. யூசுப் கான் திருநெல்வேலிக்குப் பின்வாங்கினார்.

கோட்டையைக் கைவிட்டு வடகரை ஆட்கள் வந்து சேர்ந்த இடம் நெற்கட்டும்செவல் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். சில வாரங்களுக்கு முன் ‘ஓடிப்போன’ அந்தப் படை பூலித்தேவரின் பலத்தோடு சேர்ந்திருந்தது. வடகரையில் இழந்தது மண்சுவர்.

ஏன் இடிபாடு இல்லை?

குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: இவ்வளவு போர் நடந்த பாதையில் கோட்டையே காணோமே? நெற்கட்டும்செவலில் பூலித்தேவருக்கு அரசு எழுப்பிய நினைவிடம் இருக்கிறது; செப்டம்பர் முதல் நாள் அவர் பிறந்தநாள் விழாவும் நடக்கிறது. பழைய சுவர்களுக்கு வேறு கதை.

1767-இல் கர்னல் டொனால்ட் கேம்பல் வாசுதேவநல்லூரை வளைத்தபோதும் வடகரையில் நடந்ததே நடந்தது. கடும் எதிர்ப்பு, பிறகு கனமழைக்கு நடுவே உள்ளே இருந்தவர்கள் மலைப்பக்கம் தப்பினார்கள். 1783-இல் கர்னல் ஃபுல்லார்டன் சிவகிரிக் காட்டுக்குள் போனபோது மரங்களை வெட்டி வழி செய்துகொண்டுதான் முன்னேறினார். படிப்படியாகக் கும்பினிக்குப் புரிந்தது: கோட்டையைப் பிடிப்பதால் பயனில்லை, மறுபடி கூடுவதற்கு இடமே இல்லாமல் செய்யவேண்டும். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட 1799-இல் மேஜர் பானர்மேன் பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்க ஆணையிட்டார். 1801 டிசம்பரில் ஆயுதம் வைத்திருப்பதையும் தடைசெய்தார்கள். அதற்குப் பின் அரண்காடுகளுக்கு வேலை இல்லை. கோடரியும் ஏரும் அவற்றைத் தின்றன.

ஆக, இந்தப் பாதையின் வெறுமை காலத்தால் வந்தது மட்டுமல்ல, உத்தரவால் வந்தது. வழிகாட்டி இதைச் சொல்லாமல் விட்டால், நடந்தவர்கள் ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்று வீடு திரும்புவார்கள். சொல்லிவிட்டால், வடகரைக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் வெட்டவெளி எப்படி வெளியாயிற்று என்று கேட்கத் தொடங்குவார்கள். தென்காசி 2019-இல் தனி மாவட்டம் ஆகிவிட்டது. பள்ளி, கல்லூரி வரலாற்று மன்றங்கள் இந்த அறுபது கிலோமீட்டரை ஆண்டுக்கு ஒருமுறை நடக்க முடியும். ஆசிரியர் கையில் ஒரு வரைபடம், எட்டு இடங்களில் நின்று பேசுவதற்கான குறிப்பு, தண்ணீர், தலைத்துண்டு. இதற்குமேல் செலவு கிடையாது. அருவியில் குளிக்க வருகிற ஊரில் இதுவும் ஒரு காரியமாக இருக்கட்டும்.

யூசுப் கான் தோற்றதை மறக்கிற ஆள் இல்லை. வந்தவாசியில் லாலி வீழ்ந்தபின் கும்பினியிடம் பீரங்கி மிஞ்சியது. 1761 ஜனவரியில் புதுச்சேரியும் விழுந்தது. அதே ஆண்டு மே மாதம் அவர் மீண்டும் இதே மலையடிவாரத்தில் நிற்கிறார். இம்முறை நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் என்று மூன்று கோட்டைகளும் அவர் குறி. மூன்று ஆண்டு சொச்சம் கழித்து அவரைத் தூக்கிலிடப்போகிறவர்களும் அவரை அனுப்பியவர்களும் ஒரே ஆட்கள்தான். அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)